வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கிய பாஸ்

கொழும்பு நூதனசாலைக்குப் போகிறவர்கள் உள்ளே இருப்பவற்றைப் பார்க்கத்தான் போகிறார்கள். கண்டி மன்னர்களின் சிம்மாசனம், பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலப் படிமங்கள், சீனமும் பாரசீகமும் தமிழும் ஒரே பலகைக் கல்லில் பொறிக்கப்பட்ட காலிக் கல்வெட்டு என்று ஒரு நாள் முழுவதும் நிற்க வைக்கும் பொருட்கள் அங்கே இருக்கின்றன. சாம்பல்தீவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் சுற்றுலா போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் இன்னொன்றும் சொல்வதுண்டு. வாசலில் இறங்கியதும் உள்ளே ஓடாதீர்கள். முன்முற்றத்தில் நின்று கட்டடத்தைப் பாருங்கள். அங்கே வைக்கப்பட்ட முதலாவது காட்சிப்பொருள் அதுதான்.

வெள்ளை வெளேரென்ற இரண்டு மாடிக் கட்டடம். நடுவில் முகப்பு முன்தள்ளி நிற்கிறது. இரு பக்கமும் விறாந்தைகள் நீள்கின்றன. கீழ் மாடியில் வளைவுகள் வரிசையாகப் போக, அவற்றுக்கு நேர் மேலே மேல்மாடி வளைவுகள் அதே இடைவெளியில் போகின்றன. எந்த வளைவும் தன்னைத் தனியாகப் பார்க்கச் சொல்வதில்லை. வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க வைக்கிறது. காலையில் கிழக்கு வெயில் சாய்வாக விழும்போது தூண்களின் ஓரமும் வளைவுகளின் உள்வட்டமும் மாடிக்கும் மாடிக்கும் இடையே ஓடும் விளிம்புக் கோடும் நிழலால் வரைந்தது போலத் துலங்கும். அந்தக் கோடு எங்கும் தொய்யவில்லை. எங்கும் பிசகவில்லை. நூற்றைம்பது வருடத்துக்குக் கிட்டிய கட்டடம் அது.

இந்தப் பிளானை வரைந்தவர் பொதுவேலைப் பகுதியின் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர். நூதனசாலை வேண்டும் என்று ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை கேட்டது. அதை நிறைவேற்றியவர் தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரி. அவருடைய சிலை கட்டடத்துக்கு முன்னே இன்றும் நிற்கிறது. 1876இல் வேலை முடிந்து, 1877 ஜனவரி முதலாம் திகதி கதவு திறந்தது. ஸ்மிதரின் கடதாசிக் கோடுகளைச் சுவராக எழுப்பிய மனிதர் கொழும்புச் சோனகர் ஒருவர். தமிழைத் தாய்மொழியாகப் பேசிய குடும்பம். பெயர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். ஊரவர்கள் அவரை வாப்பிச்சி மரைக்கார் பாஸ் என்றார்கள். 1829இல் பிறந்து 1925 வரை வாழ்ந்த அந்தப் பாஸின் கைவண்ணம் பற்றியே இந்தக் கட்டுரை.

சுவர் இடிந்த நகரம்

ஒரு கட்டடக்காரர் பெரிய பெயர் எடுக்க அவருடைய திறமை மட்டும் போதாது. காலமும் இடம் கொடுக்க வேண்டும். வாப்பிச்சி மரைக்காருக்கு அந்த இடம் கிடைத்தது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. மலைநாட்டுக் கோப்பி அந்தப் பாதையில் இறங்கி வந்தது. 1869 தொடக்கம் கொழும்புக் கோட்டையின் பழைய மதில்களை இடித்தார்கள். மதிலுக்குள் அடைந்து கிடந்த நகரம் வெளியே பரவியது. தெருக்கள் போட வேண்டும், சுங்கச்சாலை வேண்டும், தபால் நிலையம் வேண்டும், சந்தை வேண்டும், நகர மண்டபம் வேண்டும்.

நம்முடைய துறைமுகத்தின் கதையும் இதே வருடங்களில்தான் திரும்புகிறது. இயற்கை தந்த ஆழத்தில் திருகோணமலைக்கு நிகரான துறை இந்தத் தீவில் இல்லை. ஆனால் கோப்பியும் ரயிலும் கொழும்புக்குப் போயின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார். கடலைக் கையால் கட்டி ஒரு துறைமுகத்தை உண்டாக்கினார்கள். வியாபாரக் கப்பல்கள் அங்கே போயின. திருகோணமலை கடற்படைக்கு மட்டும் உரியதாகி ஒதுங்கியது. கட்டுவேலை எங்கே நடக்கிறதோ அங்கேதான் மேசன்மாரும் தச்சர்களும் சேர்வார்கள். கொழும்பில் நின்று கொந்தராத்து எடுத்த வாப்பிச்சி மரைக்காரிடம் அந்தக் கைகள் சேர்ந்தன.

அலைதடுப்புச் சுவரைச் சீமெந்துக் கொங்கிறீற்றுக் கட்டிகளால் எழுப்பினார்கள். கரையில் எழுந்த வீடுகளும் மண்டபங்களும் பெரும்பாலும் பழைய முறைதான்: செங்கல், கபூக்கல், சுண்ணாம்புச் சாந்து. சீமெந்து கப்பலில் வர வேண்டிய விலை கூடிய பொருள். ஆகவே வாப்பிச்சி மரைக்காரின் தலைமுறை சுண்ணாம்பை அறிந்த கடைசிப் பெரிய தலைமுறைகளில் ஒன்று. அவருடைய வேலையை ரசிக்க வேண்டுமானால் அந்தச் சாந்தையும் அந்த வளைவையும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

வளைவின் கணக்கு

இன்றைய மேசனுக்கு வளைவு ஓர் அலங்காரம். கம்பி கட்டிக் கொங்கிறீற்று விட்டு எந்த வடிவத்தையும் எடுக்கலாம். கம்பி இல்லாத காலத்தில் வளைவு ஒரு கணக்கு. முதலில் தச்சன் பலகையால் அரைவட்டச் சட்டம் செய்து தூண்களுக்கு இடையே நிறுத்துவான். அதன்மேல் இரு பக்கமிருந்தும் செங்கல்லை ஒவ்வொன்றாகச் சாய்த்து அடுக்கி வருவார்கள். உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கிப் பூட்டுவார்கள். சாந்து இறுகியதும் சட்டத்தை இறக்குவார்கள். அந்த நேரம்தான் பாஸின் பெயர் நிலைக்கிறதா போகிறதா என்பது தெரியும்.

சட்டம் இறங்கியதும் வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் அனுப்பாது, பக்கவாட்டிலும் தள்ளும். ஒரே அளவு வளைவுகள் வரிசையாக நின்றால் ஒன்றின் தள்ளலை அடுத்தது எதிர்த்துத் தாங்கும். வரிசையின் இரண்டு முனையிலும் அந்த உதவி இல்லை. அங்கே தடித்த சுவர் வேண்டும். நூதனசாலையின் முகப்பில் நடுப்பகுதியும் ஓரங்களும் கனத்து நிற்பது அழகுக்காக என்று நினைப்போம். அழகு உண்மைதான், பாரத்தைத் தாங்கும் வேலையும் அதே இடத்தில்தான் நடக்கிறது. கண்ணுக்கு இதமான இடமும் கட்டடத்துக்குப் பலமான இடமும் ஒன்றாக வந்து சேர்வதுதான் நல்ல கட்டுவேலையின் அடையாளம்.

இதைவிடக் கடினம் ஒழுங்கு. தனி வளைவு ஒன்றில் விரல் அகலப் பிழை இருந்தால் யாருக்கும் தெரியாது. பத்து வளைவு வரிசையில் அதே பிழை ஒன்றில் மட்டும் இருந்தால் எதிர்த் தெருவில் போகிறவனுக்கும் தெரியும். சாரத்தின் ஒவ்வொரு தட்டிலும் நூல் பிடிக்க வேண்டும், தூக்குக் குண்டு விட வேண்டும், நீர்மட்டம் பார்க்க வேண்டும். ஒரு மேசன் அல்ல, பல மேசன்மார் ஒரே சமயத்தில் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். ஒருவருடைய கை கனம், இன்னொருவருடைய கை மெலிது. இத்தனை கைகளையும் ஒரு கையாக்கிக் காட்டுவது பாஸின் வேலை. நூதனசாலை விறாந்தையில் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். வளைவுக்குள் வளைவாகச் சுருங்கிப் போகும் அந்த வரிசையில் எந்த மேசன் எந்த வளைவைக் கட்டினான் என்று சொல்ல முடியாது. பாஸ் வென்ற இடம் அது.

இன்னொன்றையும் அங்கே நின்று உணரலாம். விறாந்தைக்குள் வெயில் நேராக வராது. உட்சுவரில் சூடு ஏறாது. உயரமான கூரை சூட்டை மேலே வைத்துக்கொள்ளும்; காற்று வளைவுகளால் நுழைந்து உள் யன்னல்களால் போகும். இத்தாலிய முறைக் கட்டடம் என்று புத்தகங்கள் சொல்லும். முறை எங்கிருந்து வந்தாலும் அது கொழும்பு வெயிலையும் மழையையும் அறிந்த கைகளால் கட்டப்பட்டிருக்கிறது.

சுண்ணாம்பின் பொறுமை

சுண்ணாம்பு பற்றிச் சாம்பல்தீவுப் பக்கத்துப் பழைய ஆட்களிடம் கேட்டால் நிறையச் சொல்வார்கள். கடற்கரை ஊர்களில் முருகைக்கல்லும் சிப்பியும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் ஒன்று இருந்தது. சூளையில் ஏறக்குறைய 900 பாகை சூட்டில் கல் தன்னுள் இருக்கும் காபனீரொட்சைட்டை விட்டுவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் மூடி வைத்து ஊற விடுவார்கள். ஊற ஊற வழுவழுப்பு ஏறும். அதன் பிறகு மணலோடு சேர்த்து அரைத்தோ இடித்தோ சாந்தாக்குவார்கள்.

சுவரில் பூசிய பிறகு சாந்து காற்றிலிருந்து அதே காபனீரொட்சைட்டை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில், தடித்த சுவரானால் வருடக்கணக்கில் இது நடக்கும். கடைசியில் அது திரும்பவும் கல்லாகிவிடும். சூளையில் கல்லாக இருந்ததைத் தூளாக்கி, சுவரில் மறுபடி கல்லாக்கும் வித்தை அது. மயிரிழை வெடிப்பு வந்தாலும் மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த வெடிப்பில் படிந்து தானே அடைத்துவிடும். சுவருக்குள் ஏறிய ஈரம் பூச்சு வழியே வெளியே வந்து காயும். சீமெந்துப் பூச்சு இறுகிய மூடி போன்றது. உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சீமெந்து பூசிப் பாதுகாத்துவிட்டோம் என்று நினைக்கும் இடங்களில் சில வருடத்தில் பூச்சு பொருக்காகக் கழன்று விழுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சாந்தில் வேலை செய்ய அவசரக்காரனால் முடியாது. ஒரு கை பூச்சு போட்டு, அது பாதி இறுகும் வரை காத்திருந்து, அடுத்த கை போட வேண்டும். வெயில் அதிகமானால் சாக்கு நனைத்து மூட வேண்டும். மழை வந்தால் நிறுத்த வேண்டும். மாடிகளுக்கு இடையே ஓடும் விளிம்பு வேலையை எடுத்துக்கொள்வோம். வேண்டிய வடிவத்தைப் பலகையில் வெட்டி, அதன் ஓரத்தில் தகடு பிடித்து, நேர்ச்சட்டம் ஒன்றின்மேல் வைத்து, சாந்து இளகி இருக்கும்போதே ஒரே இழுப்பாக இழுத்துப் போவார்கள். முதல் இழுப்பில் முரடாக வரும். மறுபடி சாந்து, மறுபடி இழுப்பு. கடைசி இழுப்பில் நுண்ணிய சுண்ணாம்பு மட்டும். கை நடுங்கினால் கோடு நடுங்கும். மூலையில் இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தைச் சாந்தகப்பையின் நுனியால் கையாலேயே செதுக்க வேண்டும். எந்தப் பழைய கட்டடத்திலும் நான் முதலில் பார்ப்பது அந்த மூலைகளைத்தான். பெரிய தூண்கள் பிளானின் பெருமையைச் சொல்லும். மூலைகள் மேசனின் மனச்சாட்சியைச் சொல்லும்.

தச்சரின் பங்கு

நூதனசாலையின் மரவேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் எஸ். எம். பெரேரா. மேசன் வேலையும் தச்சு வேலையும் ஒன்றையொன்று நம்பி நிற்பவை. வளைவுக்குச் சட்டம் அடிப்பவன் தச்சன். மாடியைத் தாங்கும் தீராந்தியை அறுப்பவன் தச்சன். கதவு நிலை நேராக நிற்காவிட்டால் மேசனின் சுவரும் கோணலாகத் தெரியும். சிங்களத் தச்சரும் சோனக மேசன் பாஸும் ஒரே சாரத்தில் நின்று கட்டிய கட்டடம் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மரம் என்று சொல்லும்போது நம்முடைய மாவட்டத்தை விட்டுவிட முடியாது. முதிரை, பாலை, கருங்காலி, சாவண்டலை என்று கிழக்கின் காடுகள் தீவின் தச்சர்களுக்கு ஊட்டிய மரங்கள் பல. சிங்களத்தில் ஹல்மில்லா என்று வழங்கும் சாவண்டலையை ஆங்கிலேய மர வியாபாரிகள் திருகோணமலை மரம் என்றே குறித்தார்கள். சென்னைக் கரையின் பெரிய அலைகளைத் தாண்டிச் சரக்கேற்றிய மசூலாப் படகுகளுக்கு அதுதான் விரும்பப்பட்ட மரம். வளையும், முறியாது. ஒரு கட்டடத்தை ரசிக்கும்போது அதன் மரம் எந்தக் காட்டிலிருந்து வந்திருக்கும், சுண்ணாம்பு எந்தக் கரையிலிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பின் பல சுவர்களுக்குப் பின்னால் மாகாணங்களின் உழைப்பு இருக்கிறது.

ஊரை ஆளும் மண்டபம்

நூதனசாலைக்கு முன்பே வாப்பிச்சி மரைக்கார் கட்டிய இன்னொரு கட்டடம் புறக்கோட்டையில் இருக்கிறது. கொழும்பின் பழைய நகர மண்டபம். 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கொழும்பு மாநகரசபை உருவானது. சபைக்கு ஒரு மண்டபம் வேண்டியிருந்தது. 1873இல் அதற்கான வேலை தொடங்கியது. அதற்கும் பிளான் ஸ்மிதருடையது. இங்கே முறை வேறு. கூர் வளைவுகள், கொதிக் சாயல். நூதனசாலையின் வளைவு அரைவட்டமாக அமைதியாக நிற்க, இங்கே வளைவு மேலே கூர்ந்து எழுகிறது. ஒரே கட்டடக் கலைஞரும் ஒரே கொந்தராத்துக்காரரும் சில வருட இடைவெளியில் இரண்டு வெவ்வேறு முறைகளில் வேலை செய்திருக்கிறார்கள். கூர் வளைவுக்குத் தச்சன் அடிக்கும் சட்டம் வேறு, கல் சாய்க்கும் கோணம் வேறு. ஒரு முறையில் பழகிய மேசன்மாரை இன்னொரு முறைக்குத் திருப்பி, அதிலும் தேர்ந்த வேலை வாங்குவது சாதாரண பாஸால் ஆகாது.

1928இல் கறுவாத்தோட்டத்தில் வெள்ளைக் குவிமாடத்தோடு புதிய நகர மண்டபம் எழும் வரை கொழும்பின் உள்ளூராட்சி அந்தப் பழைய மண்டபத்தில்தான் நடந்தது. வடிகால், தெருவிளக்கு, குடிதண்ணீர், சந்தை வரி என்று ஊரின் அன்றாடம் பேசப்பட்ட இடம். இன்று அது ஒரு சிறிய காட்சிசாலை. மேசையைச் சுற்றி உறுப்பினர்கள் கூட்டம் நடத்துவது போல ஆளுயரப் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். சந்தை இரைச்சலுக்கு நடுவே அதற்குள் நுழைந்தால் அந்தக் காலத்துச் சபை அமர்வு கண் முன்னே விரியும்.

கட்டடக்காரரின் குடும்பம் அந்தச் சபைகளுக்குள்ளும் போனது. மகன் டபிள்யூ. எம். அப்துல் ரஹ்மான் 1900இல் சட்டநிரூபண சபையில் முஸ்லிம் உறுப்பினராக அமர்ந்தார். பேரன் சேர் ராசிக் பரீத் கொழும்பு மாநகரசபையில் தொடங்கி, அரசாங்க சபை, செனற் சபை, பாராளுமன்றம் என்று ஏறி, பிறகு பாகிஸ்தானில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் இருந்தார். பம்பலப்பிட்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கான கல்லூரிக்குத் தன் காணியைக் கொடுத்தவரும் அவர்தான். பாட்டனார் சபைக்குச் சுவர் எழுப்பினார். பேரன் அந்தச் சபையில் ஊருக்காகப் பேசினார். பொதுவேலை என்பது இந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையின் தொழில்.

வாப்பிச்சி மரைக்கார் கொந்தராத்தோடு நின்றவர் அல்லர். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்கு வந்த ஒறாபி பாஷாவின் ஆதரவோடும், அறிஞர் சித்தி லெவ்வையோடும் சேர்ந்து 1892இல் மருதானையில் அல்மத்ரசத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமியாவைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. பிற்காலத்தில் ரீ. பி. ஜாயாவும் ஏ. எம். ஏ. அஸீஸும் அதிபர்களாக இருந்து வளர்த்த கல்லூரி. அரசாங்கத்துக்குக் கட்டிக் கொடுத்த கையால் தன் சமூகத்தின் கல்விக்கும் அத்திவாரம் போட்டார். கோட்டையில் 1895இல் திறந்த பொதுத் தபால் நிலையம், சுங்கக் கட்டடம், காலி முகத்திடல் ஹோட்டல், விக்ரோரியா ஆர்கேட் என்று அவர் பெயரோடு சொல்லப்படும் கட்டடங்களின் பட்டியல் நீளமானது.

கடலுக்கு அக்கரையில்

இதே காலத்தில் சென்னையில் இன்னொரு பெரிய கட்டடக்காரர் இருந்தார். தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். 1856இல் பிறந்து அவரும் 1925இல் மறைந்தார். 1892இல் திறந்த உயர் நீதிமன்றம், 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், 1909இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாம் அவர் எடுத்த வேலைகள். ஹென்றி இர்வின் வரைந்தார், செட்டியார் எழுப்பினார். சென்னை மாநகராட்சி கூடும் ரிப்பன் மாளிகையை ஹாரிஸ் வரைய, லோகநாத முதலியார் கட்டினார். எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டியவர் பெங்களூர்ச் சாமிநாதப் பிள்ளை.

உயர் நீதிமன்றம் போன்ற சென்னைக் கட்டடங்கள் செங்கல்லின் நிறத்தைக் காட்டி நிற்பவை. பூசி மறைக்காத செங்கல்லில் ஒவ்வொரு வரிச் சாந்தும் வெளியே தெரியும். பிழை செய்ய இடமில்லை. உயர் நீதிமன்றத்தில் குவிமாடமும் கோபுரமும் மினாரும் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஏறும். அதன் பெரிய கோபுரம் 1894 தொடக்கம் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. அந்தக் கட்டடங்கள் பார்ப்பவரை அண்ணாந்து பார்க்க வைக்கும். வாப்பிச்சி மரைக்காரின் கொழும்பு வேலை அடக்கமானது. நூதனசாலை அகலத்தில் விரிகிறது. உயரத்தில் பெருமை தேடவில்லை. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் ஒரு நீண்ட வெயில் நாளில் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டால் நூதனசாலை விறாந்தையைத்தான் சொல்வேன்.

இந்தப் பெயர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டடக் கலை வரலாறு என்றால் பிளான் வரைந்த வெள்ளைக்காரர்களின் பெயரே முதலில் வருகிறது. அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்மிதர் அனுராதபுரத்துத் தாதுகோபங்களை அளந்து வரைந்த படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. ஆனால் பிளானுக்கும் கட்டடத்துக்கும் இடையே ஆயிரம் முடிவுகள் உண்டு. எந்தச் சூளைக் கல், எந்த மணல், எவ்வளவு ஊறல், எந்த மேசனை எந்த மூலையில் நிறுத்துவது, எந்த மழைக்கு முன் கூரையை முடிப்பது என்பவற்றை யாரும் கடதாசியில் வரைந்து தருவதில்லை. அவை பாஸின் தலைக்குள் இருக்கும் அறிவு. கட்டடம் நிலைத்தால் அந்த அறிவும் நிலைத்தது என்று பொருள்.

பட்டமா, ஒரு நாளா

நூதனசாலைத் திறப்புவிழா பற்றிய செய்தி ஒன்றைக் கொழும்பு மக்கள் இன்றும் சொல்வார்கள். விழா முடிந்ததும் தேசாதிபதி கிரெகரி, இவ்வளவு சிரத்தையாக வேலை செய்ததற்கு என்ன கௌரவம் வேண்டும் என்று கேட்டார். மரவேலை செய்த பெரேரா ஓர் உள்ளூர்ப் பட்டம் கேட்டார்; கிடைத்தது. வாப்பிச்சி மரைக்கார் வேறு கேட்டார். முஸ்லிம்களின் ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமையில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்றார். தேசாதிபதி ஒத்துக்கொண்டார். நெடுங்காலம் அந்த வாக்கு காக்கப்பட்டது.

பிரதமர் டி. எஸ். சேனநாயக்க காலத்தில் கண்டிச் சிம்மாசனத்தை அங்கே மக்கள் பார்வைக்கு வைத்தபோது இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. 1815இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1934இல் திரும்பி வந்த சிம்மாசனம். பார்க்கக் கூட்டம் திரண்டது. அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கதவு திறக்கப் பிரதமர் பேரன் ராசிக் பரீத்திடம் சம்மதம் கேட்டுப் பெற்றார். தேசாதிபதி ஒருவர் ஒரு கட்டடக்காரருக்குக் கொடுத்த வாக்கைச் சுதந்திர நாட்டின் பிரதமரும் மதித்தார். பிற்பாடு மக்களின் வசதிக்காக எல்லா நாட்களும் திறக்கும் வழக்கம் வந்தது.

பெரேராவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பட்டம் கேட்பது அந்தக் காலத்தில் நியாயமான ஆசை. உழைத்தவர் கேட்டார், பெற்றார். வாப்பிச்சி மரைக்காரின் கேள்வி வேறு உயரத்தில் நிற்கிறது. தனக்கென்று ஒன்றும் வாங்காமல் தன் சமூகம் முழுவதற்கும் ஒரு மரியாதையை வாங்கினார். அதுவும் தன் கையால் கட்டிய கட்டடத்தின் கதவையே வைத்து வாங்கினார். சுவரை எழுப்பியவருக்கு அந்தச் சுவருக்குள் ஒரு சொல் இருந்தது.

நம்முடைய சுவர்கள்

திருகோணமலைக்காரர்களுக்குச் சுவரைப் படிக்கும் பழக்கம் இருக்க வேண்டும். 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் பொறித்த கல்லும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் இருக்கின்றன. நிலாவெளி வீதி நெடுக, சாம்பல்தீவு உட்பட, ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட வீடுகள் இருந்தன. போரும் 2004ஆம் ஆண்டுக் கடல்கோளும் அவற்றில் பலவற்றைக் கொண்டுபோயின. எஞ்சியவற்றைச் சீமெந்து பூசி நாமே கெடுத்து வருகிறோம்.

முருகைக்கல் எடுப்பதை 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தடுக்கின்றன. அந்தத் தடை சரியானது. கடலடிப் பாறைகள் அழிந்தால் கரையும் அழியும். பழைய சுவரைச் சுண்ணாம்பால் பழுதுபார்ப்பதற்கு முருகைக்கல் வேண்டியதில்லை. உள்நாட்டில் எடுக்கும் சுண்ணாம்புக் கல் போதும். குறைவாக இருப்பது அதை நீற்றி, ஊறவைத்து, பொறுமையோடு பூசத் தெரிந்த கைகள்தான். எஞ்சியிருக்கும் முதிய மேசன்மாரை அழைத்து இளைஞர்களுக்கு அந்த வேலையைக் கற்பிக்கத் தொழில்நுட்பக் கல்லூரிகளால் முடியும். பழைய பாடசாலை, மடம், தபாற்கந்தோர் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே பாடம் நடத்தலாம். கட்டடமும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும்.

உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்புப் பழைய நகர மண்டபத்தைக் கட்டியவரின் பெயரை நாம் அறிவதற்குக் காரணம் அவருடைய குடும்பம் பெரிதாகி, வரலாற்றில் இடம் பிடித்தது. அந்த வாய்ப்புக் கிடைக்காத பாஸ்மார் நம்முடைய ஊர்களிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். சந்தைக் கட்டடம், நூலகம், வைத்தியசாலை, வாசிகசாலை எதைக் கட்டினாலும் திறப்புவிழாக் கல்லில் அமைச்சரின் பெயரும் தவிசாளரின் பெயரும் இருக்கின்றன. அடுத்த கல்லை வெட்டும்போது அவற்றுக்குக் கீழே அந்தச் சுவரை எழுப்பிய மேசன் பாஸின் பெயரையும், கதவை நிறுத்திய தச்சனின் பெயரையும் வெட்டுங்கள்.